அலுவல் பயணத்தில் எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் ஊழியரை இரண்டு வார வேலைக்காகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்புகிறது, டிக்கெட் எகானமி. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால் துபாய், தோஹா, அபுதாபி, ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், சிங்கப்பூர் என ஏதாவது ஓர் ஊரில் இறங்கித்தான் ஏற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து விடுதி அறைக்குப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். இப்படிப் போகிறவர்கள் அப்கிரேடு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை, நானும் அதே வரிசையில் நின்றவன் என்ற முறையில், இங்கே எழுதியிருக்கிறேன்.

நிறுவனமே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது. அப்கிரேடு கிடைக்குமா என்று பார்க்க எங்கே தொடங்குவது?

கட்டண வகுப்பு என்கிற அந்த ஒற்றை ஆங்கில எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். எகானமி என்பது நமக்கு ஒரே வகுப்பாகத் தெரிந்தாலும், விமான நிறுவனத்தின் கணினியில் அது பத்துக்கும் மேற்பட்ட விலைப் படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து உண்டு. முழுக் கட்டண எகானமிக்குப் பெரும்பாலும் ஒய் என்ற எழுத்து. பிசினஸ் வகுப்பில் ஜே, சி, டி, ஐ, இசட் ஆகியவை புழங்குகின்றன. உங்களுக்கு அருகில் அதே அகல இருக்கையில் அமர்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறவருக்கு அப்கிரேடு தகுதி இருந்து உங்களுக்கு இல்லாமல் போவதற்கு இந்த எழுத்துதான் காரணம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் க்யூ, ஓ, ஜி ஆகிய மலிவுக் கட்டண எழுத்துகளில் எடுத்த எகானமி டிக்கெட்டை ஏவியோஸ் புள்ளிகளைக் கொண்டு உயர்த்த முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி லைட் கட்டணத்துக்கு மைல்கள், அதாவது பறக்கப் பறக்கக் கணக்கில் சேரும் புள்ளிகள், வழியிலான அப்கிரேடு கிடையாது. எந்த நிறுவனமும் மிக மலிவான டிக்கெட்டைத்தான் தேடும் என்பதால், ஊழியர்களின் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த ரகமாகவே இருக்கிறது.

நிறுவனத்துக்காக டிக்கெட் எடுக்கும் டிராவல் டெஸ்க் மின்னஞ்சலில் அனுப்பும் பயணத் திட்டத்தில் இந்த எழுத்து சில சமயம் விடுபட்டிருக்கும். அப்போது இ-டிக்கெட் ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம்: பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அந்த டிக்கெட்டை வெளியிட்ட விமான நிறுவனத்தைக் குறிக்கும். 176 என்றால் எமிரேட்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 220 லுஃப்தான்சா, 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். டிக்கெட் 220இல் தொடங்கினாலும், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை உங்களை ஏற்றிச் செல்வது கூட்டாளியான யுனைடெட்டாக இருக்கலாம். அப்படியானால் லுஃப்தான்சா அனுப்பும் அப்கிரேடு அழைப்பு முதல் பகுதிக்கு மட்டுமே உதவும். இதைக் கவனிக்காமல் நீண்ட பகுதியும் உயர்ந்துவிட்டது என்ற நினைப்பில் இருப்பவர்கள், இரண்டாவது போர்டிங் பாஸைக் கையில் வாங்கும்போதுதான் விஷயத்தை உணர்கிறார்கள்.

நிறுவனங்களுக்கென்று பேசி முடித்த தனிக் கட்டணங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. விமான நிறுவனத்தை அழைத்தால் "உங்கள் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்ட்டை அழைத்தால் "விமான நிறுவனத்திடம் கேளுங்கள்" என்பார். இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க, டிக்கெட் அச்சாவதற்கு முன்பே டிராவல் டெஸ்கிடம் "இந்தக் கட்டணத்தில் அப்கிரேடு அனுமதி உண்டா, இல்லையென்றால் அனுமதி உள்ள அடுத்த கட்டணத்துக்கு எவ்வளவு கூடுதல்?" என்று எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கூடுதல் தொகை சில ஆயிரம் ரூபாய்தான் என்றால் அதைக் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு மைல்களைப் பயன்படுத்துவது, மலிவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு அல்லாடுவதை விட எவ்வளவோ மேல்.

இரண்டு விமானங்களில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை உயர்த்துவது?

நீளமான பகுதியைத்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். பாதி நேரம் அது சரியான பதிலும்கூட. ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது தூக்கம் என்பதால், எந்தப் பகுதியில் உடல் தூங்கும் நிலையில் இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

துபாய் வழிப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை விமானம் என்றால், முந்தின இரவு பதினொன்றரைக்கோ பன்னிரண்டுக்கோ வீட்டை விட்டுக் கிளம்பி, மீனம்பாக்கத்தில் வரிசைகளில் நின்று, ஏறி உட்கார்ந்ததும் சிற்றுண்டி வரும். அதை எடுத்துக்கொண்டு போவதற்குள் தரையிறங்கும் அறிவிப்பு வந்துவிடும். நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான இந்தப் பகுதிக்குப் படுக்கை வாங்குவது வீண். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் பதினாறு மணி நேரம். இரவு முழுக்கக் கண்விழித்த உடல், விமானம் மேலேறியதும் சாய இடம் கிடைத்தால் ஆறேழு மணி நேரம் கட்டையாகத் தூங்கும். இங்கே நீண்ட பகுதியை உயர்த்துவதுதான் முறை.

ஃபிராங்க்ஃபர்ட் வழியில் கணக்கு மாறுகிறது. சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படும் அந்த விமானம் பத்து மணி நேரம் பறக்கிறது. உங்கள் உடலுக்கு அது அசல் இரவு. அடுத்ததாக ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பகலில் ஏறும் பதினோரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், சென்னைக் கணக்கில் பிற்பகலும் மாலையும். முதல் பகுதியில் நன்றாகத் தூங்கியவர் இரண்டாவதில் எகானமியில் உட்கார்ந்து, இரண்டு படம் பார்த்து, கொஞ்சம் வேலையும் பார்த்துவிடலாம். இரண்டாவது பகுதி ஒரு மணி நேரம் கூடுதல் நீளம் என்பதற்காக அதை உயர்த்திவிட்டு, இரவு முழுக்கக் கழுத்து சாய்ந்து சாய்ந்து விழ உட்கார்ந்திருப்பது தவறான முதலீடு.

கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. ஏறக்குறைய இரவும் பகலும் இடம் மாறுகின்றன. நண்பகலில் இறங்கும்போது உடலுக்கு நள்ளிரவு. அங்கிருந்து ஊரின் இரவு வரும்வரை விழித்திருப்பதற்குத்தான் விமானத்தில் தூங்கிய தூக்கம் கைகொடுக்கும்.

எந்தெந்த வழிகளில் அப்கிரேடு பெறலாம்?

டிக்கெட்டை மாற்றி எழுதுவது, மைல்கள், ஏலம், கடைசி நேரத்தில் நிலையான விலைக்கு வாங்குவது என்று நடைமுறையில் நான்கு வழிகள். முதல் வழியில் கட்டண வித்தியாசத்தைக் கொடுத்து டிக்கெட்டையே பிசினஸாக மாற்றுகிறீர்கள். விலை அதிகம், ஆனால் பெட்டி அனுமதி, மைல் கணக்கு, பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை எல்லாம் பிசினஸ் வகுப்புக்கு உரியதாகிவிடும். மைல் வழியில், விமான நிறுவனம் அப்கிரேடுக்கென ஒதுக்கிய இருக்கை மீதம் இருக்க வேண்டும். விற்பனைக்கு இருக்கை தெரிகிறது என்பதால் அது அப்கிரேடுக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரு படிதான் ஏறலாம்: எகானமியில் இருப்பவர் பிரீமியம் எகானமிக்கும், அதில் இருப்பவர் பிசினஸுக்கும். ஏலம் என்பது காலியான பிசினஸ் இருக்கைக்கு நீங்களே ஒரு தொகையைச் சொல்லிக் கேட்பது; அதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். நிலையான விலை, பயணத்துக்குச் சில நாட்கள் முன்பிருந்து செயலியிலும், கடைசியில் செக்-இன் கவுன்ட்டரிலும் காட்டப்படும்.

கடன் அட்டைப் புள்ளிகளை மைல்களாக மாற்ற நினைப்பவர்கள், மாற்றிய புள்ளிகள் திரும்பி வராது என்பதையும், சில திட்டங்களில் மாற்றம் நிறைவேறச் சில நாட்கள் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. முதலில் இருக்கை இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

ஏலத்தில் எவ்வளவு கேட்பது?

மாண்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட பிளஸ்கிரேடு போன்ற நிறுவனங்களின் மென்பொருளைக் கொண்டு பல விமான நிறுவனங்கள் இந்த ஏலத்தை நடத்துகின்றன. மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். திறந்தால் நகர்த்தக்கூடிய ஒரு முள், வண்டியின் பெட்ரோல் அளவுகாட்டியைப் போல, உங்கள் தொகை பலவீனமானது, சுமார், வலுவானது என்று காட்டிக்கொண்டே நகரும். அந்த முள்ளைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. அன்றைய விமானத்தில் எத்தனை பிசினஸ் இருக்கை காலியாக இருக்கிறது, எத்தனை பேர் ஏலம் கேட்டிருக்கிறார்கள் என்பதை அது உங்களுக்குச் சொல்வதில்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. அந்தப் பகுதிக்கு மட்டும் இன்று பிசினஸ் டிக்கெட் வாங்கினால் என்ன விலை, எகானமி என்ன விலை என்று பார்த்து வித்தியாசத்தை எழுதிக்கொள்வேன். பிறகு ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு எவ்வளவு கொடுக்க மனம் ஒப்புகிறது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். உதாரணமாக, பதினாறு மணி நேரப் பகுதிக்கு 60,000 ரூபாய் கேட்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதில் எட்டு மணி நேரம் உண்மையிலேயே தூங்கினால் மணிக்கு 7,500 ரூபாய். அதே தொகையை நான்கு மணி நேரப் பகுதிக்குக் கொடுத்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் அந்த ஒரு மணி நேரத்தின் விலை 60,000. இப்படிப் போட்டுப் பார்த்தால் ஏலத்தின் மேல் உள்ள மயக்கம் பெருமளவு தெளிந்துவிடும். மனத்தில் நிர்ணயித்த தொகையைக் கேட்டுவிட்டு, முள் என்ன சொன்னாலும் அதோடு விட்டுவிட வேண்டும்.

தொகை பொதுவாக ஓர் ஆளுக்கு, ஒரு பகுதிக்கு என்ற கணக்கில் கேட்கப்படும். ஒரே பிஎன்ஆரில் சக ஊழியரும் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் ஏலம் செல்லும். உங்கள் அட்டையில் இரட்டைத் தொகை கழியும். இதற்காகவே பிஎன்ஆரைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லி டிராவல் டெஸ்கிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். வென்றால் மட்டுமே பணம் எடுக்கப்படும். வென்றபின் மனம் மாறினால் திரும்பக் கிடைக்காது. தொகை வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால், பல இந்திய அட்டைகள் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முடிவு பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்னால் வரும். சில சமயம் விமான நிலையத்துக்குப் போகும் காரில் உட்கார்ந்திருக்கும்போது வரும்.

வேலைக்காகப் பயணம் செய்கிறவர்கள் ஞாயிறு, திங்கள் என்று வாரத் தொடக்கத்தை ஒட்டி அதிகம் பறப்பதால் அந்த நாட்களில் பிசினஸ் நிரம்பியிருக்கும். புறப்படும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், வாரத்தின் நடுவில் வாய்ப்பு கூடுதல்.

கோட்டு சூட்டு அணிந்து, கவுன்ட்டரில் பணிவாகக் கேட்டால் இலவசமாகக் கொடுப்பார்களாமே?

கொடுப்பதில்லை. எகானமியில் இருக்கைகளை விட அதிகமான டிக்கெட் விற்றுவிட்டு, வந்தவர்களை உட்கார வைக்க இடமில்லாதபோது சிலரை மேலே ஏற்றுவார்கள். அந்தப் பட்டியலைக் கணினி தயாரிக்கிறது, அதில் தங்கம், பிளாட்டினம் என்று உறுப்பினர் தகுதி உள்ளவர்களும் கூடுதல் கட்டணம் கொடுத்தவர்களும் முன்னால் நிற்கிறார்கள். அயர்ன் செய்த சட்டை அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. ஆனால் கவுன்ட்டரில் "இன்று பிசினஸுக்கு விலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பதில் தவறில்லை. ஏலத்தில் தோற்ற அன்றே கவுன்ட்டரில் அதைவிடக் குறைவான விலை சொல்லப்பட்டதும் உண்டு.

நிறுவனத்திடமே பிசினஸ் டிக்கெட் கேட்கலாமா? எப்படிக் கேட்பது?

கேட்கலாம், கேட்பதற்கு முன்னுதாரணங்களும் இருக்கின்றன. அமெரிக்க மத்திய அரசின் பயண விதிகளின்படி, நாட்டுக்கு வெளியே போகும் அல்லது வெளியிலிருந்து வரும் அலுவல் பயணத்தின் நேரம் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டினால் பிசினஸ் வகுப்பை அனுமதிக்கலாம். ஆனால் அந்த அனுமதியைப் பெற்றவருக்கு வழியிலோ போய்ச் சேர்ந்த பிறகோ தனியாக ஓய்வு நேரம் கிடையாது. இந்த நிபந்தனையில்தான் நியாயம் முழுவதும் இருக்கிறது: பிசினஸ் டிக்கெட்டைக் கொடு, அல்லது இறங்கியபின் ஒரு நாள் ஓய்வைக் கொடு. உங்கள் மேலாளரிடமும் இதே வடிவில் பேசலாம். செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளர் அலுவலகத்தில் நிற்க வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமையே போய் இறங்கி ஓர் இரவு விடுதியில் தூங்குவதற்கு ஆகும் செலவையும், திங்கள் பிற்பகல் பிசினஸில் போய் இறங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவையும் ஒரே மின்னஞ்சலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பிசினஸ் கிடைக்காவிட்டாலும் அந்த ஓர் இரவு கிடைத்துவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் கிடைத்தது அதுதான்; அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வரிக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு 5 சதவீதமும், பிசினஸ் முதலான மேல்வகுப்புகளுக்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. அதற்கு முன் மேல்வகுப்புகளுக்கு 12 சதவீதம். உள்ளீட்டு வரி வரவைப் பயன்படுத்தி, கொடுத்த ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு இந்த உயர்வு பெரிய சுமையில்லை. கையிலிருந்து கொடுக்கும் தனிநபருக்குத்தான் முழுதும் வலிக்கும்.

சொந்தப் பணத்தில் உயர்த்திக்கொண்டால் நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். ஒரு வரி மின்னஞ்சல் போதும்: வித்தியாசத்தை நானே செலுத்துகிறேன், செலவுக் கணக்கில் கேட்க மாட்டேன். பிற்காலத்தில் தணிக்கையில் போர்டிங் பாஸைப் பார்த்து யாராவது புருவத்தை உயர்த்தினால் அந்த ஒரு வரி பதில் சொல்லும். அப்கிரேடு ரசீதைத் தனியாக வைத்திருங்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை அதில் போட வேண்டாம்.

மேலாளர் எகானமியில் வருகிறார். நான் முன்னால் உட்காரலாமா?

விதிப்படி தடை ஏதும் இல்லை. ஆனால் திரையைத் தாண்டி அவர் நாற்பத்தொன்றாம் வரிசைக்குப் போகும்போது நீங்கள் கையில் பழரசக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் காட்சி, ஆண்டு இறுதி மதிப்பீட்டுக் கூட்டம் வரை அவர் நினைவில் இருக்கும். முன்னாலேயே சொல்லிவிட்டால் "அப்படியா, எப்படி வாங்கினீர்கள்?" என்று அவரும் ஏலம் கேட்பார்; அது உங்களுக்குப் போட்டியாக முடியலாம் என்பது வேறு விஷயம்.

அலுவல் பயணத்தில் சேரும் மைல்கள் யாருக்குச் சொந்தம்?

நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்கள் அலுவல் பயண மைல்களைத் தாங்களே வைத்துக்கொள்ள 2001 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அனுமதித்தது. ஜெர்மனியில் 2006ஆம் ஆண்டு கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், முதலாளி பணம் கொடுத்த பயணங்களில் சேர்ந்த மைல்களை முதலாளியின் பயணங்களுக்கே பயன்படுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்திய நிறுவனங்களில் பெரும்பாலானவை ஊழியருக்கே விட்டுவிடுகின்றன. ஆனாலும் பயணக் கொள்கை ஆவணத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது. ஏலத்தில் உயர்ந்த பயணத்துக்குப் பொதுவாகப் பழைய எகானமி எழுத்தின்படிதான் மைல் சேரும்.

பிரீமியம் எகானமி போதாதா?

பகல் பயணத்துக்குப் போதும். எகானமியில் முன்னிருக்கைக்கும் உங்கள் இருக்கைக்கும் இடையிலான அளவு பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38 முதல் 40 வரை. மடிக்கணினியைத் திறந்து வைக்கலாம். முன்னால் இருப்பவர் சாய்ந்தாலும் திரை மடங்காது. கால் மேல் கால் போடலாம். ஆனால் உடல் கிடைமட்டமாகாது. உட்கார்ந்தபடியே தூங்கும் வரம் பெற்றவர்களுக்கு இதுவே தாராளம். அந்த வரம் எனக்கு இல்லை.

பிசினஸ் என்றாலே படுக்கை இருக்கைதானா?

நீண்டதூர விமானங்களில் இன்று பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் படுக்கை அமைந்திருக்கும் விதத்தில் வேறுபாடு உண்டு. 1970களின் கடைசியில், தள்ளுபடி டிக்கெட்காரர்களுக்கு நடுவில் முழுக் கட்டணம் கொடுத்து அமர்ந்திருந்த அலுவல் பயணிகளைத் திருப்திப்படுத்தத்தான் பிசினஸ் வகுப்பு பிறந்தது. அப்போது அது சற்றே அகலமான நாற்காலி, அவ்வளவுதான். முழுதும் தட்டையாகும் படுக்கையை பிசினஸ் வகுப்புக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2000ஆம் ஆண்டில். கத்தார் ஏர்வேஸ் 2017இல் கதவு வைத்த கியூசூட் என்ற இருக்கையைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் எல்லா விமானங்களிலும் அது இல்லை. எமிரேட்ஸின் புதுப்பிக்கப்படாத போயிங் 777 விமானங்களில் பிசினஸ் வகுப்பு 2-3-2 என்ற அடுக்கில் இருக்கிறது. அதாவது அவ்வளவு பணம் கொடுத்தும் நடு இருக்கையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எனவே ஏலம் கேட்பதற்கு முன்னால் விமான எண்ணை வைத்து இருக்கை வரைபடத்தைத் திறந்து, ஒரு வரிசையில் எத்தனை இருக்கை என்று எண்ணிப் பாருங்கள். 1-2-1 என்றால் எல்லோருக்கும் நடைபாதை கிடைக்கும். அடுத்தவரின் காலைத் தாண்டாமல் கழிப்பறைக்குப் போகலாம்.

சாப்பாடு?

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பதிலை இரண்டு முறை படிக்கவும். சிறப்பு உணவுப் பட்டியலில் "இந்து உணவு" என்று இருப்பது அசைவம்; மாட்டிறைச்சி இருக்காது என்பதுதான் அதன் பொருள். நமக்கு வேண்டியது "ஆசிய சைவம்" அல்லது "இந்திய சைவம்" என்று குறிப்பிடப்படுவது. பால், தயிர் இல்லாத வீகன் உணவு வேறு. ஜைன உணவு வேறு.

கடைசி நேரத்தில் வகுப்பு உயரும்போது, முன்பே சொல்லி வைத்த சைவ உணவு எகானமித் தள்ளுவண்டியில் ஏறியிருக்கும். பிசினஸில் உங்கள் பெயருக்கு எதுவும் இருக்காது. எனக்கு ஒருமுறை நேர்ந்தது. ஏலத்தில் வென்ற மகிழ்ச்சியில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் துணி விரித்து, உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனிக் குப்பி வைத்து, பிறகு மீனா ஆட்டிறைச்சியா என்று கேட்டார்கள். சைவம் என்றதும் பணிப்பெண் முகம் வாடிவிட்டது. பத்து நிமிடம் கழித்து எகானமியில் என் பழைய இருக்கை எண் ஒட்டிய அலுமினியப் பொட்டலத்தையே தேடி எடுத்து வந்து, அதிலிருந்த சோற்றையும் பருப்பையும் பீங்கான் தட்டில் கொட்டி, மேலே ஒரு கொத்தமல்லித் தழை வைத்துக் கொடுத்தார். அப்கிரேடு உறுதியான மின்னஞ்சல் வந்த உடனே விமான நிறுவனத்தை அழைத்து உணவை மறுபடி பதிவு செய்யுங்கள். புறப்பட ஒரு நாள்கூட இல்லையென்றால், கைப்பையில் இட்லிப் பொடி தடவிய இட்லி நான்கு இருந்தால் போதும்.

பெட்டி, லவுஞ்ச் எல்லாம் சேர்ந்து கிடைக்குமா?

டிக்கெட்டையே மாற்றி எழுதியிருந்தால் கிடைக்கும். ஏலத்திலும் கவுன்ட்டர் விலையிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பெட்டிகளுக்குப் பல இடங்களில் பழைய எகானமி அளவே தொடரும். அமெரிக்க வழித்தடங்களில் எகானமிக்குப் பொதுவாக 23 கிலோ பெட்டி இரண்டு, பிசினஸுக்கு 32 கிலோ பெட்டி இரண்டு. இதை நம்பி ஊறுகாய்ப் பாட்டில்களை முன்கூட்டியே அடுக்கிவிடாதீர்கள். அபுதாபி வழியாகப் போகிறவர்கள் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்பதால், லவுஞ்சில் உட்காரக் கிடைக்கும் நேரம் நினைத்ததை விடக் குறைவாகவே இருக்கும்.

கால் வீக்கம், ரத்தக் கட்டு ஆகியவற்றுக்கு பிசினஸ் வகுப்பு பாதுகாப்பா?

முழுப் பாதுகாப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இருக்கிறது. அசையாமல் கிடப்பதுதான் முக்கியக் காரணம். படுக்கையில் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தாலும் அது பொருந்தும். எழுந்து நடக்கத்தான் வேண்டும். முன்பு ரத்தக் கட்டு வந்தவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை எல்லா வகுப்புக்கும் ஒரே காற்றுதான். அந்த வித்தியாசம் வேண்டுமென்றால் வகுப்பை விட விமானத்தைப் பாருங்கள். பழைய விமானங்களில் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு இணையான அளவு வரை போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் சுமார் 6,000 அடியோடு நிற்கும்.

பணம் கட்டிய பிறகு விமானத்தை மாற்றி, என்னை எகானமிக்கே அனுப்பிவிட்டால்?

டிக்கெட்டே பிசினஸ் என்றால் உங்கள் உரிமை வலுவானது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, பயணியின் விருப்பமின்றி வகுப்பைக் குறைத்தால் சர்வதேசப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதமும், 3,500 கிலோமீட்டர் வரை 50 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும், வரி உட்பட டிக்கெட் விலையிலிருந்து திருப்பித் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதியிலும் நீண்ட பயணத்துக்கு அதே 75 சதவீதம்தான். ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகிறவருக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கே கணக்கிடப்படுவது வகுப்பு குறைந்த அந்த ஒரு பகுதியின் விலை மட்டுமே.

ஏலத்தில் உயர்ந்தவருக்கு நிலைமை இவ்வளவு வசதியாக இல்லை. அவர் டிக்கெட் இன்னும் எகானமிதான் என்பதால், ஏலத் தொகை திரும்பி வருவதோடு பொதுவாக முடிந்துவிடும். முதல் விமானம் தாமதித்து, இணைப்பு தவறி, வேறு விமானத்தில் ஏற்றப்பட்டாலும் இதே கதைதான். புதிய விமானத்தில் பிசினஸ் காலியாக இருந்தாலும் உங்கள் ஏலம் உங்களோடு வராது. தொகை தானாகத் திரும்பாமல் போவதும் உண்டு. அதனால் எகானமி என்று அச்சிட்ட புதிய போர்டிங் பாஸையும், பிசினஸ் என்று அச்சிட்ட பழையதையும் இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பழையதை வாங்கிக் கிழித்துப் போடுவதற்கு முன்பாக.